பூட்ஸ் போட்ட பூனையும் ஷாம்பெயின் பாட்டிலும்: பழைய கேலிச்சித்திரத்தைப் படிப்பது எப்படி?

ஒரு பூனை இரண்டு காலில் நிற்கிறது. காலில் பெரிய பூட்ஸ். ஒரு கையில் ஷாம்பெயின் பாட்டில், மறுகையில் கோப்பை. முன்னால் யாரோ நடந்துபோன காலடித் தடங்கள். அந்தத் தடத்திலேயே கால் வைத்து நடக்கப் பார்க்கிறது பூனை. முடியவில்லை, தள்ளாடுகிறது. படத்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரு வரி: "ஒருத்தன் எப்படித்தான் எப்பவும் தடம் தப்பியே கால் வைக்கிறானோ!"

1840களில், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் கைக்குக் கை மாறிய படம் இது. வரைந்தவர் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. இன்று இதைப் பார்க்கும் நமக்கு ஒரு குடிகார பூனை தெரியும். லேசாகச் சிரிப்போம், நகர்ந்துவிடுவோம். அன்றைய பெர்லின்காரர் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். கூடவே, பக்கத்தில் போலீஸ்காரர் யாரும் நிற்கிறாரா என்றும் திரும்பிப் பார்த்திருப்பார். ஏனென்றால் அந்தப் பூனை அவருடைய மன்னர், நான்காம் பிரெடெரிக் வில்லியம்.

நமக்கும் அவருக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கடப்பதுதான் கேலிச்சித்திரத்தைப் படிப்பது. சிரிப்பு தானாக வந்தால் விளக்கம் தேவைப்படாது. வராதபோது, அந்தக் காலத்துக்காரர் யோசிக்காமலேயே அறிந்திருந்த விஷயங்களை நாம் ஒவ்வொன்றாகத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. இந்த ஒரு மன்னரை வைத்தே அதைச் செய்து பார்க்கலாம். கேலிச்சித்திரக்காரர்களுக்கு இவரைப் போல வாய்த்த மன்னர்கள் குறைவு. குண்டு உடம்பு, கிட்டப்பார்வை, வாய் நிறையப் பேச்சு.

முதலில் பூனையை முடித்துவிடுவோம்.

அந்தக் காலடித் தடங்கள் மகா பிரெடெரிக்கினுடையவை. 1740 முதல் 1786 வரை ஆண்டு, பிரஷ்யாவை ஐரோப்பாவின் பெரிய வல்லரசுகளில் ஒன்றாக்கியவர். இப்போது ஆண்டுக்கணக்கைக் கவனியுங்கள். 1640இல் பிரெடெரிக் வில்லியம் என்ற இளவரசர் பிராண்டன்பர்க்கில் ஆட்சிக்கு வந்தார். பிரஷ்ய அரசுக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர். 1740இல் மகா பிரெடெரிக். 1840 ஜூனில் நம்முடைய ஆள். நூறு வருடத்துக்கு ஒரு மகாபுருஷர் என்று கணக்குப் போட்டு மக்கள் எதிர்பார்ப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? புது மன்னரும் அந்த எதிர்பார்ப்புக்கு நன்றாகவே தீனி போட்டார். சிறையிலிருந்த அரசியல் எதிரிகளை விடுவித்தார். தணிக்கையைத் தளர்த்தினார். 1840 அக்டோபரில் பெர்லினில் மக்கள் திரண்டு விசுவாசப் பிரமாணம் எடுத்த நாளில் எழுந்து நின்று பேசினார். கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு, "ஆம்!" என்று பதிலும் வாங்கினார். பொது இடத்தில் இப்படி உணர்ச்சி பொங்கப் பேசும் மன்னரைப் பிரஷ்யா அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்துவிட்டது: அரசியல் சாசனம் வராது, பாராளுமன்றம் வராது, பேச்சு மட்டும் வரும். படத்தின் நையாண்டி இங்கேதான் இருக்கிறது. பூனை வேறு திசையில் போகவில்லை. பெரியவரின் தடத்தில்தான் கால் வைக்கப் பார்க்கிறது. ஆசை இருக்கிறது, கால் நிற்கவில்லை. அந்த ஜெர்மன் வரியிலும் இரட்டை அர்த்தம் உண்டு. 'பக்கத்தில் கால் வைப்பது' என்பது அந்த மொழியில் சொதப்புவதையும் குறிக்கும்.

சரி, ஏன் பூனை? பூட்ஸ் போட்ட பூனை ஐரோப்பாவில் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. ஒரு மாவு மில்காரரின் மகனை, தந்திரத்தாலும் பொய்யாலும் பெரிய பிரபுவாக்கிக் காட்டும் பூனை. இல்லாத பெருமையை இருப்பதாகக் காட்டுவதுதான் அதன் தொழில். இன்னொரு உள்குத்தும் இருக்கிறது. இந்தக் கதையை நாடகமாக எழுதியவர் லுட்விக் டீக் என்ற எழுத்தாளர். வயதான காலத்தில் அவரைத் தம்மிடம் வரவழைத்து வைத்துக்கொண்டவர் இதே மன்னர்தான். பழங்காலக் கதைகள், கோட்டைகள், தேவாலயங்கள், பக்தியுள்ள மன்னனும் விசுவாசமுள்ள குடிகளும் வாழ்ந்த இடைக்காலம்: இந்தக் கனவிலேயே வாழ்கிறார் என்பது அவர் மீது எல்லோரும் வைத்த குறை. கனவு காண்கிறவரைக் கதைக்குள்ளேயே தள்ளிவிட்டார் ஓவியர்.

ஒரு படம், இவ்வளவு சரக்கு. இதில் மன்னரின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பாட்டில் சொல்லும் பொய்

பாட்டிலைத் தனியாகப் பேச வேண்டும். புதிதாகக் கேலிச்சித்திரம் படிக்கிறவர்கள் விழும் முதல் குழி இதுதான்.

நான்காம் பிரெடெரிக் வில்லியத்தின் கேலிப்படங்களில் ஷாம்பெயின் பாட்டில் திரும்பத் திரும்ப வரும். பத்துப் படம் பார்த்தவர், "ஓகோ, ஆள் மொடாக்குடியர் போல" என்று முடிவுக்கு வந்துவிடுவார். அன்றைய மக்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதை ஏற்பதில்லை. குடி விஷயத்தில் அவர் அளவோடு இருந்தவர் என்கிறார்கள்.

அப்படியானால் பாட்டில் எதற்கு? என் வாசிப்பு இது: அது சாராயத்தைப் பற்றியதல்ல, நுரையைப் பற்றியது. பிராந்தி பாட்டிலோ பீர் குவளையோ அல்ல, ஷாம்பெயின். திறந்தவுடன் பொங்கும், சத்தம் போடும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கூட்டத்துக்கு முன் பொங்கிவிட்டு மறுநாள் ஒன்றும் செய்யாத மன்னருக்கு இதைவிடப் பொருத்தமான பானம் உண்டா? அப்புறம், ஷாம்பெயின் பிரெஞ்சுப் பணக்காரச் சரக்கு. 1840களின் நடுவில் உருளைக்கிழங்கு அழுகி, விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை ஏறிய நாட்டில் அதை மன்னர் கையில் வரைவது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

கேலிச்சித்திரம் மன்னரைப் பற்றிய சாட்சியம் அல்ல. மன்னரைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள், எதை நம்பத் தயாராக இருந்தார்கள், எதைச் சொல்ல முடிந்தது என்பதற்கான சாட்சியம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் போச்சு.

பாட்டிலின் கதை இதோடு முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1850களில், லண்டனில் வெளியான 'பஞ்ச்' நையாண்டி இதழ் இவருக்கு 'கிளிக்கோ மன்னர்' என்று பெயர் வைத்தது. கிளிக்கோ என்பது பேர்போன ஷாம்பெயின் கம்பெனி. கை மாறியதும் பாட்டிலின் அர்த்தமும் மாறிவிட்டது. 1853இல் தொடங்கிய கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவுக்கு எதிராக நின்றன. பிரஷ்யா எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. பிரிட்டிஷாருக்கு வந்த எரிச்சல் அது. அரசியல் சாசனம் தரவில்லை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பெர்லின்காரர் வரைந்த பாட்டில் 'வாய்ச்சொல் வீரர்' என்றது. லண்டன்காரர் வரைந்த அதே பாட்டில் 'நிலையாக நிற்கத் தெரியாதவர்' என்றது. ஆகவே ஒரு சின்னத்தைப் பார்த்தவுடன் அகராதி பார்ப்பதுபோல் அர்த்தம் எடுக்கக் கூடாது. யார், எந்த ஊரில், எந்த வருடம் வரைந்தார் என்பது தெரியாமல் பாட்டில் வெறும் பாட்டில்தான்.

எதை வரையலாம், யார் அனுமதித்தார்கள்?

படம் எப்படி வெளியே வந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஜெர்மனி அப்போது ஒரே நாடு அல்ல. முப்பத்தொன்பது அரசுகளும் தனி நகரங்களும் சேர்ந்த ஒரு தளர்வான கூட்டமைப்பு. 1819இல் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் கூடி எடுத்த முடிவுகளின்படி, 20 அச்சுத்தாளுக்கு உட்பட்ட எதையும், அதாவது சுமார் 320 பக்கத்துக்குள் வரும் எதையும், அச்சிடும் முன் தணிக்கைக்குக் காட்ட வேண்டும். தடிமனான புத்தகங்களுக்கு விலக்கு. காரணம் எளிது: தடித்த புத்தகத்தை வாங்கிப் படிக்கிறவர் பேராசிரியர், அவரால் கலகம் வராது. நாலு பக்கத் துண்டறிக்கையால் வரும்.

இந்தக் கணக்கில் படம் எங்கே நிற்கிறது? அதற்கு ஒரே ஒரு தாள் போதும். எழுத்தறிவு தேவையில்லை. கடைக் கண்ணாடியில் ஒட்டினால் தெருவே நின்று பார்க்கும். சுடச்சுட அச்சடிக்கவும் முடிந்தது. 1790களின் கடைசியில் முனிச்சில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு முறையில், ஓவியர் மெழுகுப் பென்சிலால் கல்லின் மேல் நேராக வரையலாம், செம்புத் தகட்டில் வாரக்கணக்காகச் செதுக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை நடந்ததற்கு அந்த வாரத்துக்குள்ளேயே படம் வந்துவிடும். அதனால்தான் ஆட்சியாளர்கள் எழுத்தைவிடப் படத்துக்கு அதிகம் பயந்தார்கள்.

நம் மன்னர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். 1842 மே மாதம் படங்களுக்கான முன்தணிக்கையை நீக்கினார். தம் மக்கள் தம்மை நேசிக்கிறார்கள் என்று உண்மையாகவே நம்பியிருப்பார் போல. படங்கள் வெள்ளமாக வந்தன. அவற்றில் அவரே மிதந்தார். 1843 தொடக்கத்தில், ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், தணிக்கை திரும்பி வந்துவிட்டது. கையில் ஒரு பிரஷ்யக் கேலிப்படம் கிடைத்தால், இந்தச் சில மாத ஜன்னலுக்குள் வந்ததா, அதற்கு வெளியிலா என்று பார்ப்பது பயனுள்ள கேள்வி. ஜன்னல் மூடிய பிறகு வந்த படங்கள் ஓவியர் பெயரை மறைக்கும், மிருக வேடம் போடும், சிலேடையில் ஒளியும்.

ஒளிந்துகொண்ட படத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று. 1843இல் கொலோன் நகரின் 'ரைன் செய்தித்தாளை' அரசு மூடியது. அதன் ஆசிரியராக இருந்தவர் இருபத்து நாலு வயது இளைஞர், பெயர் கார்ல் மார்க்ஸ். உடனே ஒரு படம் வந்தது. கிரேக்கப் புராணத்தில் மனிதருக்கு நெருப்பைக் கொடுத்ததற்காகப் பாறையில் கட்டப்பட்ட புரோமீதியஸைப் போல, ஓர் ஆள் அச்சு இயந்திரத்தில் கட்டப்பட்டிருக்கிறார். ஒரு கழுகு அவர் ஈரலைக் கொத்துகிறது. புராணம் தெரிந்தவருக்கு இதுவரை புரியும். கழுகு பிரஷ்யாவின் அரச சின்னம் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் புரியும். ஆனால் மேலே ஓர் அணில் இருக்கிறது. கழுகைக் கட்டிய கயிறு அதன் பிடியில். புரோமீதியஸ் கதையில் அணில் ஏது? விடை அமைச்சரவைப் பட்டியலில் இருக்கிறது. அப்போது பிரஷ்யாவின் கல்வி, சமய அமைச்சர் பெயர் ஐஷ்ஹார்ன். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு அணில் என்று பொருள்.

இதைத் தமிழில் எவ்வளவு விளக்கினாலும் சிரிப்பு வராது, எனக்கும் தெரியும். சிலேடை அப்படித்தான். ஆனால் படத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருள் நின்றால், அதன் பெயரை மூலமொழியில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் பூட்டு அங்கேயே திறக்கும். இந்தப் படத்தில் மன்னரின் முகமே இல்லை என்பதும் முக்கியம். கழுகாக மட்டும் வந்துபோகிறார், அதுவும் ஓர் அணில் பிடித்த கயிற்றில். மன்னரை வரையாமலேயே மன்னரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

உடுப்பைப் பார்த்து வருடம் சொல்வது

தேதி இல்லாத படம் கிடைத்தால் தலையிலிருந்து தொடங்கலாம். உச்சியில் கூர் வைத்த இராணுவத் தலைக்கவசம் தெரிகிறதா? ஜெர்மன் இராணுவம் என்றாலே நம் நினைவுக்கு வரும் அந்தக் கவசத்தைப் பிரஷ்யப் படைக்குக் கொண்டுவந்தவர் இதே நான்காம் பிரெடெரிக் வில்லியம், 1842இல். ஆகவே படம் அதற்குப் பிந்தையது. கவிஞர் ஹைனே 1844இலேயே அதைக் கிண்டல் செய்து எழுதிவிட்டார்: இடி மின்னல் வரும்போது அந்தக் கூர் நவீன மின்னலை உங்கள் தலைக்கே இழுத்துவிடப் போகிறது, ஜாக்கிரதை, என்கிற மாதிரி. கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடி அரச மரியாதையோடு வருகிறதா? அது 1848 மார்ச்சுக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். அதற்கு முன் அந்த நிறங்கள் கலகக்காரர்களின் நிறங்கள், தடை செய்யப்பட்டவை. இரவுத் தொப்பி போட்ட தூங்குமூஞ்சி ஒருவர் வந்தால் அவர் பெயர் மிஷெல். சாதாரண ஜெர்மன் குடிமகனின் உருவம். அவர் தூங்குகிறாரா, விழித்துக்கொண்டாரா, மறுபடி தூங்கிவிட்டாரா என்பதே 1848க்கு முன்னும் பின்னும் பெரிய அரசியல் செய்தி. நண்டு வந்தால் பின்னோக்கிப் போகிறது அரசு என்று பொருள். மெழுகுவத்தியை அணைக்கும் குமிழ் வந்தால் அது அறிவை அணைப்பது.

பட்டியல் போட்டால் இன்னும் நீளும். அதைவிட 1848-49க்குப் போவது நல்லது. இந்த மன்னரின் நல்ல படங்கள் அங்கேதான் இருக்கின்றன.

1848 மார்ச் 18 அன்று பெர்லின் அரண்மனை முன் கூடிய கூட்டத்தைப் படை கலைக்கும்போது இரண்டு துப்பாக்கிகள் வெடித்தன. அந்த இரவு முழுக்கத் தெருக்களில் தடுப்பரண்களும் சண்டையும். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மறுநாள் சடலங்களை அரண்மனை முற்றத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். மன்னர் தொப்பியைக் கழற்றி மரியாதை செலுத்த வேண்டியதாயிற்று. 21ஆம் தேதி, அதுவரை தடை செய்யப்பட்டிருந்த அதே மூவண்ணத்தைக் கையில் கட்டிக்கொண்டு குதிரையில் நகர்வலம் வந்தார். தணிக்கை விழுந்தது. மே 7 அன்று பெர்லினில் 'கிளாடரடாட்ஷ்' என்ற நையாண்டி வார இதழ் பிறந்தது. ஏதோ தடதடவென்று சரிந்து விழும் சத்தம்தான் அந்தப் பெயர்.

ஒரு வருடம் கழித்து, 1849 மார்ச் 28 அன்று, ஜெர்மன் அரசுகளின் மக்கள் பிரதிநிதிகளாகப் பிராங்க்ஃபர்ட்டில் கூடியிருந்த தேசிய சபை ஒன்றுபட்ட ஜெர்மனியின் பேரரசராக இவரைத் தேர்ந்தெடுத்தது. 290 பேர் ஆதரவு, 248 பேர் வாக்களிக்கவில்லை. ஏப்ரல் 3 அன்று தூதுக்குழு பெர்லின் வந்து கிரீடத்தை ஏற்கும்படி கேட்டது. மன்னர் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் மறுத்துவிட்டார்.

இதற்கு இசிடோர் போப்பர் வரைந்த கல்லச்சுப் படம் ஒன்று இருக்கிறது. மன்னர் தம் சீருடைப் பித்தான்களை விரலால் எண்ணிக்கொண்டிருக்கிறார். குழந்தைகள் செய்வதுபோல, ஒரு பித்தானுக்கு 'வேணும்', அடுத்ததற்கு 'வேணாம்'. கீழே எழுதியிருப்பது ஏறத்தாழ இப்படி: "வாங்கிக்கலாமா? வேணாமா? வாங்கிக்கலாமா? பித்தானுங்களா, நீங்க வாங்கிக்கங்கிறீங்களா? அப்ப கண்டிப்பா மாட்டேன் போ!"

இந்த வரியைப் பேச்சுத்தமிழில் போட்டது வேண்டுமென்றேதான். மூலத்தில் அது பெர்லின் தெருப்பேச்சு. 'க' ஒலி வர வேண்டிய இடத்தில் 'ய' ஒலி வரும், வார்த்தைகள் பாதியில் வெட்டுப்படும். கடவுளின் அருளால் ஆள்கிறேன் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைச் சந்துமுனைப் பையன்போல் பேச வைக்கிறார் ஓவியர். படத்தை மட்டும் பார்த்து வரியைப் படிக்காமல் போனால், அல்லது வரியின் அர்த்தத்தை மட்டும் படித்து அதன் தொனியைக் கவனிக்காமல் போனால், பாதி அடி தவறிவிடும். அந்த ஆண்டு வந்த இன்னொரு படத்திலும் இதே பேச்சுதான்: ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, "உங்க குட்டிப்பையனுக்கு ஒரு கிரீடம் செதுக்கிக் கொடுத்தேன், இப்ப வேணாங்கிறான்!" என்று பதில். தேசிய சபை ஒரு பொம்மைக் கிரீடம் செய்த குழந்தை, மன்னர் அதை வாங்க மறுக்கும் இன்னொரு குழந்தை. அடி இருவருக்கும் விழுகிறது என்பதை விட்டுவிடாதீர்கள். கேலிச்சித்திரம் என்றாலே ஒரு கட்சியின் பக்கம் நின்று மறுகட்சியை அடிப்பது என்று நினைக்கிறோம். நல்ல கேலிச்சித்திரக்காரர் பெரும்பாலும் நடுத்தெருவில் நின்றுகொண்டு இரு பக்கமும் கல்லெறிகிறவர்.

பித்தான் படத்துக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் பாட்டில் விஷயம் இங்கே வேறு வடிவில் நிற்கிறது. படத்தை நம்பினால் மன்னர் கடைசி நொடிவரை தடுமாறினார், பிறகு முரண்டுக்காக மறுத்தார். ஆனால் 1848 டிசம்பரிலேயே, கிரீடம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே, லண்டனில் தம் தூதராக இருந்த நண்பர் புன்சனுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தக் கிரீடத்தில் புரட்சியின் பிண நாற்றம் அடிக்கிறது, அது சேறும் களிமண்ணும் கொண்டு செய்தது என்று கொட்டித் தீர்த்திருக்கிறார். தடுமாற்றம் எங்கே இருக்கிறது இதில்? கடவுள் தந்த கிரீடத்தை மட்டுமே சூடலாம், மக்கள் தருவது கிரீடமே அல்ல என்பதில் ஆள் உறுதியாகவே இருந்தார்.

கடிதம் அந்தரங்கமானது, போப்பருக்கு அது தெரிய வழியில்லை. அவர் பார்த்தது மன்னரின் வெளிமுகத்தை மட்டும். அது வழவழ கொழகொழ என்றுதான் இருந்தது. மூவண்ணம் கட்டிக்கொண்டு குதிரையில் வந்த அதே மன்னர், ஒரு வருடம் கழித்து வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் முழுசாகச் சொல்லாமல் தூதுக்குழுவைத் திருப்பி அனுப்புவதை ஒரு குடிமகன் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்? படம் மன்னரின் மனதைத் தவறாகச் சொன்னது, அவர் மக்களுக்குத் தெரிந்த விதத்தைச் சரியாகச் சொன்னது. வரலாறு படிக்கிறவருக்கு இரண்டாவதும் வேண்டும். கடிதத்தை மட்டும் வைத்து எழுதினால், ஏன் 1849இல் அவ்வளவு பேர் அவர்மேல் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்பது புரியாமலே போகும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபெர்டினாண்ட் ஷ்ரோடர் டுசெல்டார்ஃப் மாத இதழுக்கு வரைந்த ஐரோப்பாப் படத்தை, இந்த எல்லா வித்தைகளையும் சேர்த்துப் பழக எடுத்துக்கொள்ளலாம். வரைபடம்போல் விரிந்த ஐரோப்பா. பிராங்க்ஃபர்ட்டில் பாராளுமன்றம் நின்ற இடத்தில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. வார்சாவில் அணைந்துபோன மெழுகுவத்தி. நடுவில் பெரிய உருவம் ஒன்று, கூர் வைத்த தலைக்கவசம், கையில் துடைப்பம். சின்னச் சின்ன மனிதர்களைக் குப்பைபோலப் பெருக்கித் தள்ளுகிறது. அவர்கள் போய் ஒதுங்கும் சுவிட்சர்லாந்து, புரட்சிக்காரர்களின் சிவப்புத் தொப்பி வடிவில். ஓடுகிறவர்களில் ஆயுதத்தைவிட உயிர் பெரிது என்று நினைத்த சாதாரணத் தொழிலாளியும் இருப்பார், வழக்கறிஞரும் இருப்பார். எல்லோரும் ஒரே அளவுதான்.

துடைப்பம் பிடித்திருப்பவர் யார்? நான்காம் பிரெடெரிக் வில்லியம்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கோடையில் தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதிக்குப் பிரஷ்யப் படையை நடத்திச் சென்று எழுச்சியை அடக்கியவர் மன்னரின் தம்பி, இளவரசர் வில்லியம். பின்னாளில் ஜெர்மனியின் முதல் பேரரசரானவர். கடைசிக் கோட்டையான ராஷ்டாட் ஜூலை 23 அன்று சரணடைந்தது. படம் வந்தது அடுத்த மாதம். அப்படியானால் இது தம்பியா, அண்ணனா? இல்லை, இருவருமே இல்லாமல் பிரஷ்யா என்ற அரசேவா? எனக்கு மூன்றாவது வாசிப்பில்தான் மனம் போகிறது. முன்பு கழுகு செய்த வேலையை இப்போது தலைக்கவசம் செய்கிறது. வேறு மாதிரி படிக்கிறவர்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் பூனைப் படத்தில் பாட்டிலும் தள்ளாட்டமுமாக ஒரு மனிதர் இருந்தார். ஆறேழு வருடத்தில் அந்த இடத்தில் ஒரு கவசமும் துடைப்பமும் வந்து நிற்கின்றன. சிரிப்பதற்கு ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

ஒரு கடைசித் தகவல். இந்த மன்னர் நன்றாக வரையத் தெரிந்தவர். கட்டடங்களும் கோட்டைகளுமாக ஏராளமாக வரைந்து தள்ளியிருக்கிறார். குடும்பத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கடலடியில் ஒட்டிக் கிடக்கும் ஒரு தட்டை மீனின் பெயர். குண்டு உடம்புக்காக வைத்தது. அவருக்கு அதில் கோபம் இல்லை. நெருங்கியவர்களுக்கு எழுதும் கடிதங்களில் கையெழுத்துக்குப் பதிலாக அந்த மீனையே வரைந்து அனுப்பியிருக்கிறார். கடைகளில் பூனைப் படங்களைத் தேடி அவருடைய போலீஸ் அலைந்தது. மீன் படம் போட்ட கடிதங்கள் அரண்மனையிலிருந்து தபாலில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தன.